கழுவக் கழுவ நிறைந்த பஞ்சு

வெள்ளிக்கிழமை காலையில் சுகிர்தம் கை கால் முகம் கழுவி, ஜெபத்தை முடித்து, பிரிண்டர் மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்து வாசலில் உதறிவிட்டு வந்து சுவிட்சைப் போட்டாள். எப்போதும் பச்சையாய் ஒரு விளக்கு எரியும். உள்ளே ஏதோ ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, பிரசங்கத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற மாதிரி செருமிவிட்டு அடங்கும். அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடும்போது எரிவது போல இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன.

அணைத்துப் போட்டாள். அதே சிவப்பு. பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். அதே சிவப்பு. மூடியைத் திறந்து பார்த்தாள், காகிதம் எதுவும் சிக்கியிருக்கவில்லை. பக்கவாட்டில் இருந்த நான்கு மைத் தொட்டிகளையும் குனிந்து பார்த்தாள். நான்கிலும் பாதிக்கு மேல் மை இருந்தது. பிரிண்டரின் தலைமேல் கையை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். கண்ணைத் திறந்தபோதும் விளக்குகள் தம் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

சாத்தான்குளம் பக்கத்து ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் சுகிர்தம். வேதமாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்தாள். காசிமேட்டில் படகுகளுக்குக் கயிறும் வலைநூலும் விற்கிற கடை அவருக்கு. வந்த நாளிலிருந்து அவள் அறிந்த திருவொற்றியூர் என்பது தூசிதான். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போய்க்கொண்டே இருக்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கரித்தூசியைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போகும். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். மற்ற பெண்கள் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். சுகிர்தம் விடமாட்டாள். துடைப்பாள், கழுவுவாள், அலசுவாள். சபையிலும் அவளுக்கு அதுதான் வேலையாக அமைந்தது. பாட வராது, எழுந்து நின்று நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். திருவிருந்துக் கிண்ணங்களையும் பீடத்து விரிப்புகளையும் கழுவித் தருவது மட்டும் அவள் பொறுப்பு. கிண்ணத்தைத் திருப்பிப் பிடித்தால் போதகரின் மூக்குக்கண்ணாடி அதில் தெரியும்.

பிரிண்டர் வந்த பிறகுதான் இன்னொரு வேலை அவளுக்கு வாய்த்தது. மகன் எபினேசர் புனேவுக்கு வேலைக்குப் போகும்போது அதை வீட்டில் விட்டுப்போனான். செல்போனில் வசனத்தைத் தட்டி, எழுத்தைப் பெரிதாக்கி, பிரிண்டருக்கு அனுப்புகிற வித்தையை அம்மாவின் விரலைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தான். அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு வசனத்தை அடித்து, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் கொடுப்பாள். துண்டின் அளவைத் தன் செல்போனை வைத்துத்தான் கோடிழுத்து எடுத்திருந்தாள். கண்ணாடி மாதிரி இருக்கிற போன் கவரைக் கழற்றி, போன வாரத்துத் துண்டை எடுத்துவிட்டு இந்த வாரத்தைச் செருகி, கவரை மூடிக்கொண்டுதான் சபையார் படியிறங்குவார்கள். மீன் ஏலம் விடுகிறவர், நர்ஸ் வேலை பார்க்கிறவள், ரயில்வேக்காரர் எல்லார் போன் முதுகிலும் வாரம் முழுக்க அவள் வெட்டிய துண்டு இருக்கும். பஸ்ஸில் யாராவது போனைக் காதில் வைத்துப் பேசும்போது அவள் எழுத்தை அவளே தூரத்திலிருந்து வாசித்திருக்கிறாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. பெருமை என்று ஆகிவிடக் கூடாதே.

அந்த வேலைக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. பெண்கள் ஐக்கியச் செயலாளர் ராமசெல்வி, போன கூட்டத்திலேயே ஒரு பேச்சை எடுத்திருந்தாள். யானைக்கவுனியில் தெரிந்த பிரஸ் ஒன்று இருக்கிறது, தடித்த அட்டையில், பூப்போட்டு, பளபளவென்று அடித்துத் தருவார்கள், கையால் வெட்டிச் சிரமப்பட வேண்டியதில்லை என்றாள். ராமசெல்வி கெட்டவள் இல்லை. எல்லாம் நன்றாக நடக்க வேண்டும் என்று நினைக்கிறவள். அதுதான் பயமாக இருந்தது. ஒரு வாரம் பிரஸ் அட்டை வந்துவிட்டால் அடுத்த வாரம் யார் இவளது துண்டைக் கேட்பார்கள்?

போன் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ செய்தி வந்திருந்தது. அதைத் தமிழாக்கிப் பார்க்க எபினேசர் ஒரு வழி காட்டியிருந்தான். பார்த்தாள். அச்சுப்பொறியின் உட்பாகம் ஒன்றின் ஆயுட்காலம் முடிந்துவிட்டது என்று வந்தது. எந்தப் பாகம் என்று அதில் இல்லை. துக்க வீட்டுக்குப் போய்விட்டு யார் போனது என்று கேட்க முடியாமல் நிற்கிற மாதிரி நின்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எபினேசர் பேசினான். படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பார்த்தவன், ஒன்றும் பயமில்லை, வீண் மை நிறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்றான். சுகிர்தத்துக்கு அது தன்மேல் பழி சொன்னது போல இருந்தது. அவள் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. ஒரு பக்கம் அடித்த தாளைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தையும் அடிப்பவள். வீண் மை எங்கே இருந்து வந்தது, தொட்டியில் இருக்கிறதே அந்த மையா என்று கேட்டாள். அது இல்லை, அது நல்ல மை, இது வேறு என்றான் மகன். வேறு மையை யார் ஊற்றியது என்று கேட்டாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விடுங்கம்மா, அது பழசாயிட்டு. நான் புதுசு ஒண்ணு ஆர்டர் போடுதேன். புதன்கிழமை வந்துரும்" என்றான்.

புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அதற்கு முன்னாலேயே வந்துவிடுமே.

கடையிலிருந்து சாப்பிட வந்த வேதமாணிக்கத்திடம் சொன்னாள். அவர் ரசத்தைப் பிசைந்தபடி யோசித்தார்.

"ஏளா, மை தீந்தாத்தான மிஷினு நிக்கும்? நெறஞ்சா நிக்குன்னு இப்பத்தான் கேக்கேன்" என்றார்.

அதற்குள் ராமசெல்வியே போன் செய்தாள், வேறு விஷயமாக. சுகிர்தம் மறைக்கத் தெரியாதவள். பிரிண்டர் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் குரலில் கவலையும் இருந்தது, ஒரு தெளிவும் இருந்தது. அப்படியானால் இந்த வாரத்துக்குப் பிரஸ்ஸிலேயே கொடுத்துவிடுகிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள், எத்தனை நாள்தான் கத்தரிப்பீர்கள் என்றாள் ராமசெல்வி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த சுகிர்தத்தின் வாயிலிருந்து "சரிம்மா" என்றுதான் வந்தது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதமாணிக்கம் அதைப் பார்த்தார். கடைக்குத் திரும்பியதும் சைமாவை அனுப்பிவைத்தார்.

சைமா தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் சிறிய கடை வைத்துப் பிரிண்டர்களைப் பழுது பார்க்கிறவள். கயிற்றுக் கடையின் பில் மிஷினையும் அவள்தான் பார்ப்பாள். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தவள், விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் இன்னதென்று தெரிந்துகொண்டாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

"யக்கா, இதுக்கு இன்னும் வயசு கீது. இத்தினி சீக்கிரம் ரொம்பியிருக்கக் கூடாதே. க்ளீனிங் அடிக்கடி குடுப்பியா?"

"தெனமும் குடுப்பேன்" என்றாள் சுகிர்தம், பதில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பிள்ளையைப் போல. "மொதத் தாள் போடுமுன்ன ஒரு மட்டம். சனிக்கிழமைன்னா ரெண்டு மட்டம்."

"இன்னாத்துக்கு? கோடு கோடா வந்துச்சா?"

"கோடெல்லாம் வரல. வேத வசனம்லா அடிக்கது. கழுவாம எப்பிடிம்மா அடிக்க?"

எபினேசர் அந்த க்ளீனிங் பொத்தானைக் காட்டியபோது, கோடு விழுந்தால் இதை அழுத்துங்கள், உள்ளே கழுவிவிடும் என்று சொல்லியிருந்தான். கழுவிவிடும் என்ற சொல் மட்டும்தான் அவளிடம் தங்கியிருந்தது. கை கால் கழுவாமல் வேதத்தைத் தொடமாட்டாள். வசனத்தை அடிக்கிற வாய் மட்டும் கழுவாமல் இருக்கலாமா?

சைமா சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தலையாட்டினாள். "நாங்களும் குரான் ஓதறதுக்கு மின்னாடி ஒளு செஞ்சிட்டுதான்க்கா உக்காருவோம். மூஞ்சி, கை, கால் எல்லாம் கழுவிகினு. ஆனா இது மிஷினு. இதுக்குத் தண்ணி ஏது? மையவே வச்சுத்தான் கழுவும்."

பிறகு புரியும்படி சொன்னாள். அந்தப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் தொட்டியிலிருக்கிற நல்ல மையை இழுத்து, அதன் வாயைக் கொப்பளித்து, கொப்பளித்ததைப் பின்பக்கம் ஒரு பஞ்சில் துப்பிவிடும். எத்தனை முறை துப்பியது என்று உள்ளே ஒரு கணக்கு ஓடும். பஞ்சு இவ்வளவுதான் தாங்கும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். கணக்கு அங்கே வந்ததும் நின்றுவிடும்.

சுகிர்தம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எதையும் வீணாக்காதவள் என்றல்லவா தன்னை நினைத்திருந்தாள். அத்தனையும் அவள் கழுவிய மை. அழுக்கே இல்லாத இடத்தைக் கழுவிக் கழுவி அழுக்கை உண்டாக்கியிருக்கிறாள். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவளுக்கு நேராக வரவில்லை.

சைமா ஒயரைச் செருகி எதையோ தட்டினாள். திரையில் ஒரு பட்டை முழுவதும் நிறைந்து நின்றது. இன்னொன்றைத் தட்டினாள். பட்டை காணாமல் போய் அங்கே ஒரு பூஜ்யம் வந்தது. அணைத்துப் போடச் சொன்னாள். சுகிர்தம் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே அந்த ஓட்டமும் செருமலும் கேட்டன.

"முடிஞ்சிதுக்கா."

சுகிர்தத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்தோத்திரம் சொன்னாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சைமா குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் சுகிர்தத்துக்கு ஓர் ஐயம் வந்தது.

"பஞ்சுல இருந்த மை எங்கம்மா போச்சு?"

"எங்கியும் போவல. அங்கியேதான் கீது."

"பெறகு எப்பிடிப் பச்ச எரியுது?"

"கணக்க அழிச்சிட்டேன். பஞ்சு காலியா கீதுன்னு நெனச்சிகினு ஓடும்."

சுகிர்தம் பிரிண்டரைப் பார்த்தாள். "அப்போ அது நெனைக்கது பொய்யில்லா?"

சைமா டம்ளரைக் கீழே வைத்தாள். இந்த வேலையில் எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கிறாள். ஓடுதா என்பார்கள், எத்தனை நாள் ஓடும் என்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை. "மிஷினுக்கு இன்னாக்கா பொய்யி, நெசம்" என்றாள், ஆனால் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள்.

சுகிர்தத்தின் மனசு அங்கேயும் இங்கேயும் போனது. மன்னித்த பாவத்துக்குக் கர்த்தர் கணக்கு வைப்பதில்லை என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொல்லியிருக்கிறாள். அப்படிப் பார்த்தால் கணக்கை அழிப்பது நல்ல காரியம்தான். ஆனால் அங்கே கழுவுவதும் உண்டே. இங்கே அழுக்கை உள்ளே வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் அழித்தால், அது எந்த வகையில் சேரும்? அந்தப் பொய்யின் மேல் நின்று வசனத்தை அடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கலாமா? இதைப் போதகரிடம் கேட்கலாம். எங்கிருந்து ஆரம்பித்துக் கேட்பது?

"கணக்கு அழிஞ்சாலும் பஞ்சு ரொம்பித்தான் கீது" என்றாள் சைமா. "என்னிக்காவது ஒரு நாள் அடியில கசியும். மேச, தரை எல்லாம் கலீஜாயிடும். அத்தனால நீ கேக்கறதும் சரிதான். பின்னாடி ஒரே ஸ்க்ரூதான், கழட்டித் தரேன், கழுவறியா? கையெல்லாம் மையாயிடும், சொல்லிட்டேன். ஒரு வாரத்துக்குப் போவாது."

"கழுவுதேன்."

"நல்லா காஞ்ச பெறகுதான் மாட்டணும். ஈரமா மாட்டாத. நீ கழுவி மாட்டிட்டா அந்தக் கணக்கும் நெசமாயிடும், போதுமா? இனிமே கோடு வந்தா மட்டும் அந்தப் பட்டன தொடு."

அந்தப் பேச்சு சுகிர்தத்துக்குப் பிடித்திருந்தது. ஆனால் சைமாவின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும், இன்றைக்குப் பொய்யாக இருப்பது நாளைக்கு நிஜமாகிவிட்டால் இன்றைய பொய் பொய்யில்லை என்று ஆகுமா என்று புதிதாக ஒரு குழப்பம் வந்து உட்கார்ந்தது.

சைமா கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பஞ்சுப்பெட்டி சின்ன சோப்புப்பெட்டி அளவுதான் இருந்தது. உள்ளே அடை அடையாகப் பஞ்சு, கறுப்பாக, கனமாக. வாளித் தண்ணீரில் போட்ட உடனே தண்ணீர் தார் மாதிரி ஆனது. ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தாள். நாவல்பழச் சாறு மாதிரி வந்தது. மறுபடி. கத்தரிப்பூ நிறம். பிழியும்போது ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் ரோஜாவும் மஞ்சளும் தனித்தனியாகப் பிரிந்து ஓடின. கெட்டுப்போன மை என்று நினைத்திருந்தாள். ஒவ்வொன்றும் தொட்டியிலிருந்தபோது எப்படியோ அப்படியே இருந்தது. எத்தனை வாளி மாற்றினாலும் தண்ணீர் வெளுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கழுவிக் கழுவியும் சுத்தமாகாத ஒன்று அவள் கையில் இருந்தது. கடைசியில் தண்ணீர் லேசான ஊதாவில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. விட்டுவிட்டாள். அவள் விட்டுவிடுகிறவள் இல்லை என்பதால், அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

சனிக்கிழமை மொட்டைமாடியில் காயவைத்தாள். வெயில் நன்றாகத்தான் அடித்தது. ஆனால் நெடுஞ்சாலைத் தூசி சும்மா இருக்குமா? பழைய வெள்ளைச் சேலைத் துண்டை மேலே போர்த்தி நான்கு மூலையிலும் கல் வைத்தாள். அப்படியும் அடிக்கடி மாடியேறி, துணியை உதறி, பஞ்சைத் திருப்பிப் போட்டுவிட்டு இறங்கினாள். வற்றல் போட்டிருக்கிறாயா என்று பக்கத்து மாடியிலிருந்து கேட்டார்கள். இல்லை, பிரிண்டர் என்றாள். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

மாலையில் வேதமாணிக்கம் கடையை நேரத்தோடு மூடிவிட்டு வந்து பெட்டியை மாட்டி ஸ்க்ரூவைத் திருகினார். பச்சை விளக்கு எரிந்தது. சுகிர்தத்தின் விரல் தன்னாலேயே அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது. பாதி வழியில் பிடித்து நிறுத்தினாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் தாளை அனுப்பினாள்.

வசனத்தின் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. இப்போது அழுத்தலாம். சைமா சொன்ன கோடு இதுதான். ஆனால் அழுத்தினால் அவ்வளவு பாடுபட்டுக் கழுவிய பஞ்சில் முதல் அழுக்கை அவளே போட்டதாகும். அழுத்தவா, வேண்டாமா என்று நின்றவள், சரி, இன்னொரு தாள் பார்ப்போம் என்று அனுப்பினாள். கோடு மங்கியிருந்தது. அடுத்த தாளில் கோடே இல்லை. யாரும் கழுவாமலே அது எப்படிப் போனது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னளா, நல்லாத்தான வந்திருக்கு?" என்றார் வேதமாணிக்கம்.

"அதான் ஏன்னு பாக்கேன்" என்றாள்.

வெட்டி முடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அடிக்கத்தான் அவளுக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிரஸ் அட்டை வந்துவிட்டதாக ராமசெல்வி அப்போதே படம் அனுப்பியிருந்தாள். ரோஜாப்பூவும் சூரிய உதயமுமாக அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் திருவிருந்து ஞாயிறு. சுகிர்தத்தின் உள்ளங்கை ரேகையெல்லாம் ஊதா, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. சோப்பு, எலுமிச்சம்பழம், தேங்காய் நார், கடையிலிருந்து வேதமாணிக்கம் கொண்டுவந்த மண்ணெண்ணெய், எதற்கும் அது அசையவில்லை. பீடத்துக் கிண்ணங்களைப் பளபளக்கக் கழுவுகிறவள் அந்தக் கையோடு பீடத்துக்கு முன்னால் எப்படிப் போவது? இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். வரிசை எழுந்தபோது எழுந்துவிட்டாள். முழங்கால்போட்டு, வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டினாள். போதகர் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அப்பத்தை அதன்மேல் வைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். அவர் கண்ணில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்தது சரியா என்பதும் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, அவள் எப்போதும் நிற்கிற தூண் பக்கத்தில் ராமசெல்வி அட்டைக்கட்டோடு நின்றாள். வாங்கினவர்கள் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். சுகிர்தமும் ஒன்றை வாங்கிக்கொண்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லி, நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டு, செருப்பைத் தேடினாள். கைப்பையைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

படியில் ஒரு தேக்கம். எல்லாரும் வழக்கம்போலப் போன் கவரைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அட்டை தடிமனாக இருந்தது. ஓரம் மடங்கவில்லை. செருகி அமுக்கினால் ஒரு மூலை மாட்டியது, எதிர்மூலை தெறித்தது. பாடற்குழு தேவப்பிரியத்தின் கவர் தெறித்துப் படிக்குக் கீழே போய் விழுந்தது. குனிந்து எடுத்தவள் கண்ணில் சுகிர்தம் பட்டாள்.

"அக்கா, இது உள்ளயே போவ மாட்டேங்குது. உங்க துண்டு இந்த வாரம் கொண்டாரலியா?"

சுகிர்தம் ராமசெல்வியைப் பார்த்தாள். ராமசெல்வி தன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கவரும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தது. அவள் முகம் கொஞ்சம் சிவந்தது. பிறகு அட்டைக்கட்டை இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

"இருந்தா குடுங்கக்கா. அட்டைய வேதப்புஸ்தகத்துக்குள்ள அடையாளத்துக்கு வச்சுக்கிடட்டும். போனுக்கு ஒங்களதுதான் சரிப்படும். அடுத்த வாரமும் நீங்களே போட்டுருங்க."

சுகிர்தம் கைப்பையைத் திறந்து துண்டுகளை எடுத்தாள். ஆட்கள் படியிலிருந்து மறுபடி மேலே ஏறி வந்தார்கள். பழையபடி தூண் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்காகக் கொடுத்தாள். முதல் துண்டை வாங்கிக்கொண்ட ராமசெல்வி நகராமல் அவள் கையையே பார்த்தாள்.

"கையில என்னக்கா இது? இவ்வளவு அழுக்கு?"

சுகிர்தம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாள். பொத்தானைச் சொல்வதா, பஞ்சைச் சொல்வதா, பூஜ்யத்தைச் சொல்வதா.

"கழுவினேன்மா" என்றாள்.

ராமசெல்வி அந்தக் கையை இன்னொரு தடவை பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுகிர்தத்துக்கு மட்டும் என்ன விளங்கியது? அடுத்தவர் கை நீண்டது. துண்டைக் கொடுத்தாள்.